மேகமலையில் அடிவாரம் முதல் சோலை வரை பல்லுயிர்க் கணக்கெடுப்பு: உயரவாரியாக எப்படித் திட்டமிடுவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். கல்லூரி இயற்கை மன்றத்தின் சார்பில் தேனி மாவட்டத்து மேகமலையில் ஓராண்டுக் கணக்கெடுப்பு ஒன்றுக்குத் திட்டம் போடுகிறோம். சின்னமனூர்ப் பக்கத்து அடிவாரத்தில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிய சோலைகள் (உயர்மலைப் பசுமைமாறாக் காடுகள்) வரை, தோராயமாக 400 மீட்டரிலிருந்து 1,600 மீட்டர் வரை. மரம், பறவை, தவளை, வண்ணத்துப்பூச்சி நான்கையும் எடுக்க எண்ணம். ஆட்கள் 12 பேர். அவர்களில் குரலை வைத்தே பறவையைச் சொல்லக்கூடியவர்கள் 3 பேர், தாவரம் தெரிந்தவர்கள் 2 பேர்.

கேட்க நினைப்பவை இவை. எத்தனை மீட்டருக்கு ஓர் அடுக்கு என்று பிரிப்பது? 100 மீட்டர் என்று ஒருவர் சொல்கிறார், அது நம்மால் ஆகுமா? ஒவ்வோர் உயிரினப் பிரிவுக்கும் எந்த மாதம்? இலை, பூ பறித்து உலர்த்தி வைக்கலாமா? கையில் ஏற்கனவே பலர் போட்ட பறவைப் பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாமா?

மலைமுகடு

முதலில் அனுமதி. அது முடியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. மேகமலைச் சரணாலயமும் ஸ்ரீவில்லிபுத்தூர் நரை அணில் சரணாலயமும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆகிவிட்டன. மொத்தம் 1,016.57 சதுர கி.மீ., அதில் 641.86 சதுர கி.மீ. உள்வட்டம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 28இன் கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளர் தரும் அனுமதிதான் செல்லும். "சரகரிடம் (வனச்சரக அலுவலரிடம்) சொல்லிவிட்டோம்" என்பது அனுமதி ஆகாது. விண்ணப்பத்தில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்கட்டும்: எந்தச் சரகம், எந்த பீட் (சரகத்துக்குள் காவலர் சுற்றும் சிறு பகுதி), எத்தனை பேர், இரவு வேலை உண்டா, எதையாவது கையால் பிடிப்பீர்களா, எதையாவது எடுத்துச் செல்வீர்களா. இரவு வேலையைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் பகல் அனுமதியாகவே வரும், தவளைப் பகுதி அங்கேயே நின்றுவிடும்.

இலை, பூ பறிப்பது பற்றி: பிரிவு 29 இருப்பதால் தனி அனுமதி இல்லாமல் ஓர் இலையையும் பறிக்கக் கூடாது. பிடிப்பதும் அப்படியே. சட்டத்தின் வரையறையில் பிடிப்பதும் வேட்டைதான், அதற்குப் பிரிவு 12. முதல் ஆண்டுக்கு "பறிக்க மாட்டோம், பிடிக்க மாட்டோம்" என்று எழுதிவிடுங்கள். அனுமதி விரைவாக வரும், உங்கள் நோக்கத்துக்கும் குறை வராது.

அடுக்கு 200 மீட்டர் போதும். 400 முதல் 1,600 வரை 6 அடுக்கு. அடுக்குக்கு 4 இடம் என்றால் 24 இடம். 100 மீட்டர் வைத்தால் 48 இடம் ஆகிவிடும், 12 பேரை வைத்துக்கொண்டு ஓராண்டில் அதை முடிக்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. மரநிழலில், பள்ளத்தாக்குக்குள் ஜிபிஎஸ் காட்டும் உயரம் தாராளமாகத் தவறும், கிடைமட்டப் பிழையைவிட உயரப் பிழை எப்போதும் பெரிது. காற்றழுத்த உயரமானி துல்லியமானது, ஆனால் வானிலை மாறினால் அதுவும் நகரும். உயரம் தெரிந்த ஓர் இடத்தில் தினமும் காலையில் சரிசெய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். 100 மீட்டர் அடுக்கில் இந்தப் பிழையே ஓர் இடத்தை அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடும்.

இந்த அடுக்குகள் வேலைத்திட்டத்துக்கு மட்டும். தாளில் ஒவ்வோர் இடத்தின் உண்மையான உயரத்தையும் எழுதுங்கள், பகுப்பாய்வின்போது 847 மீட்டர் 847 ஆகவே இருக்கட்டும்.

உயரத்தை மட்டும் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தால் மேகமலை ஏமாற்றிவிடும். நீங்கள் ஏறுவது கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவு, மழைமறைவுப் பக்கம். 900 மீட்டரில் வெயில் படும் முகட்டில் இலையுதிர் காடும், அதே 900 மீட்டரில் ஓடைப் பள்ளத்துக்குள் பசுமைமாறாக் காடும் நிற்கும். ஆகவே அடுக்குக்கு 4 இடம் என்றால் 2 ஓடைப் பள்ளத்தில், 2 முகட்டிலோ திறந்த சரிவிலோ வையுங்கள். சரிவு எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை டிகிரி சாய்வு என்பது கட்டாயப் பத்தி. நான்கையும் நடக்க வசதியான ஓடையோரமாகவே வைத்துவிட்டால் கீழ் அடுக்குகளில் இல்லாத ஈரக்காடு உங்கள் அட்டவணையில் முளைத்துவிடும்.

1,200க்கு மேல் தேயிலை வரும். அங்கே மிச்சமிருப்பது துண்டுக் காடு. விளிம்பிலிருந்து 100 மீட்டராவது உள்ளே தள்ளி இடம் வையுங்கள். துண்டு அவ்வளவு பெரிதாக இல்லையென்றால் விளிம்பு எவ்வளவு தூரம் என்று எழுதிவிடுங்கள்.

நாங்குமரம்

மரப் பகுதி மட்டும் சொல்கிறேன்.

20 × 50 மீட்டர், அதாவது 0.1 ஹெக்டேர் கட்டம், இடத்துக்கு ஒன்று. 24 கட்டம் என்றால் 2.4 ஹெக்டேர். மார்பு உயரம் 1.3 மீட்டரில் சுற்றளவு 30 செ.மீ.க்கு மேல் உள்ள எல்லா மரமும். சிலர் 10 செ.மீ. விட்டம் என்று எடுப்பார்கள். அது 31.4 செ.மீ. சுற்றளவு, இரண்டும் ஒன்றல்ல. பிற்பாடு வேறு ஆய்வோடு ஒப்பிடும்போது 30க்கும் 31.4க்கும் நடுவில் நிற்கும் ஒல்லி மரங்கள் கணக்கைக் குழப்பும். டேப் காட்டும் அளவை அப்படியே எழுதுங்கள், வேண்டிய வரம்பைக் கணினியில் வெட்டிக்கொள்ளலாம்.

பெரும்பாலானவர்கள் தவறுவது சரிவுத் திருத்தத்தில். கட்டத்தின் நீள அகலம் கிடைமட்ட அளவு, தரையில் டேப் போட்டால் அது சாய்வு அளவு. 30 டிகிரி சாய்வில் 20 மீட்டர் கிடைமட்டம் வேண்டுமென்றால் தரையில் 23.1 மீட்டர் போட வேண்டும் (20ஐ கொசைன் 30ஆல் வகுக்க). 25 டிகிரியில் 22.1. இதைச் செய்யாவிட்டால் செங்குத்தான இடங்களில் எல்லாம் கட்டம் சிறுத்துவிடும், மேலே போகப் போக மரம் குறைகிறது என்று தப்பாகத் தெரியும். சாய்வுமானி இல்லையென்றால் கைபேசிச் செயலி போதும், ஆனால் ஒரே கைபேசியை எல்லா இடத்திலும் வையுங்கள். கயிறு வேண்டாம். நைலான் கயிறு நனைந்தால் நீளும். கண்ணாடி இழை டேப் 30 மீட்டர் இரண்டு, 50 மீட்டர் ஒன்று இருந்தால் வேலை ஓடும்.

அளவெடுப்பதில் சில நுணுக்கங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு 1.3 மீட்டரை மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். பலகை வேர் 1.3 மீட்டரைத் தாண்டி ஏறியிருந்தால் அது முடிந்த இடத்துக்கு மேல் அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். பலகை வேரைச் சேர்த்து டேப் சுற்றிவிட்டு அந்த அடுக்கின் மொத்த மரப் பரப்பு இரட்டிப்பானதாகக் காட்டும் அறிக்கைகள் இருக்கின்றன. 1.3 மீட்டருக்குக் கீழே கவடு பிரிந்தால் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அளந்து, ஒரே மர எண்ணின் கீழ் எழுதுங்கள். மரத்தில் சுற்றிய கொடியைக் கழற்ற முடியாது, டேப்பை அதற்கு அடியில் நுழைத்து எடுங்கள்.

பறிக்காமல் அடையாளம் காண்பது சோலையில் சிரமம்தான், முடியாதது அல்ல. கத்தியால் பட்டையைக் கொத்திப் பால் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் சரணாலயத்துக்குள் வேண்டாம். தரையில் கிடக்கும் இலை, காய், பூவே பாதி விடை சொல்லும். வெடிப்பலா, அதாவது குலேனியா, மேலே பார்த்தால் மற்றொரு பச்சை மரம் போலத்தான் இருக்கும். உதிர்ந்த இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கப் பொடிச் செதில் ஒட்டியது போலச் செம்பு கலந்த வெளிர் பழுப்பு மின்னும். பெரிய கிளைகளில் கொத்தாக முள் உருண்டைக் காய். இவ்விரண்டையும் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. நாங்கு மரத்தின் தளிர் சிவப்பு. பாலி மரத்தின் இலைகள் கிளை நுனியில் கூடி நிற்கும். ஒவ்வொரு மரத்துக்கும் நான்கு படம்: அடிமரம், பட்டை அருகில், இலை இரு பக்கமும், கிடைத்தால் காய். படத்தில் மர எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாத படம் வீடு வந்ததும் அனாதை.

ஒரு கட்டத்தில் 50 முதல் 80 தண்டு வரை வரும். தாவரம் தெரிந்த 2 பேரோடு அளக்க 2 பேர், எழுத ஒருவர் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஒரு கட்டம். இரண்டு போட ஆசைப்பட்டால் மாலையில் எழுதப்படும் பெயர்களின் தரம் சரியும். மரத்துக்கு எந்த மாதமும் ஆகும், அட்டைக்காக மழை மாதத்தைத் தவிர்ப்பது உங்கள் விருப்பம்.

மரப் பெயர்களுக்குப் பளியர் இனத்தவரைக் கட்டாயம் உடன் அழைத்துக்கொள்ளுங்கள், நாள் கூலியோடு. அறிக்கையில் அவர்கள் பெயரும் பங்களிப்பாளராக வர வேண்டும். ஆனால் ஒரு மரத்துக்கு ஒருவர் சொன்ன பெயரை அப்படியே அறிவியல் பெயராக மாற்றிவிடாதீர்கள். இரண்டு இனத்துக்கு ஒரே பெயரும், ஒரே இனத்துக்குக் கிராமத்துக்கு ஒரு பெயரும் சகஜம். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள்.

தீக்காக்கை

பறவைக்குப் புள்ளிக் கணக்கு. ஓர் இடத்துக்கு 4 புள்ளி, புள்ளிகளுக்கிடையே 250 மீட்டர். மொத்தம் 96 புள்ளி. புள்ளிக்கு வந்ததும் 2 நிமிடம் சும்மா நில்லுங்கள், பிறகு 10 நிமிடம் எண்ணுங்கள். ஏற்றத்தில் 250 மீட்டர் நடக்க 15 நிமிடம் போடுங்கள். ஆக ஒரு புள்ளிக்கு 27 நிமிடம், விடிந்து 3 மணி நேரத்தில் 6 புள்ளி. ஒரு குழு என்றால் ஒரு சுற்றுக்கு 16 காலை, இரண்டு குழு என்றால் 8.

தூரத்தை 0–10, 10–20, 20–30, 30–50, 50 மீட்டருக்கு மேல் என்று வளையமாக எழுதுங்கள். சோலைக்குள் தூரத்தைக் கண்ணளவில் சொல்பவர்கள் பெரும்பாலும் தப்பாகச் சொல்வார்கள். லேசர் தூரமானி ஒன்று இருந்தால், பறவை கத்தும் திசையில் தெரியும் மரத்தை அளந்து பழகலாம். தலைக்கு மேலே பறந்து போனவை தனிப் பத்தி, வளையத்தில் சேர்க்காதீர்கள். புள்ளி ஓடைச் சத்தத்துக்குள் விழுந்தால் 50 மீட்டர் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் ஓடையோரம் பறவை குறைவு என்ற முடிவு வரும். உண்மையில் குறைவது உங்கள் காது.

இப்போது முக்கியமானது. 3 பேருக்குத்தான் குரல் தெரியும் என்கிறீர்கள். வீட்டுக்கு அருகில் என்பதால் ஒருவர் அடிவாரத்தையும், மற்றவர் மேலேயுள்ள சோலையையும் எடுத்துக்கொண்டால், கடைசியில் வரும் வித்தியாசம் உயரத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒவ்வோர் அடுக்கிலும் மூவரும் நிற்க வேண்டும். அதே மாதிரி எப்போதும் கீழே தொடங்கி மேலே ஏறினால் மேல் புள்ளிகள் எல்லாம் 8:30 மணிக்கு மேல்தான் வரும், அப்போது பாட்டு அடங்கியிருக்கும். ஒரு சுற்று ஏறி, மறு சுற்று இறங்கி எடுங்கள்.

மாதம்: ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை ஒரு சுற்று. வலசை வந்தவை இன்னும் இருக்கும், உள்ளூர்ப் பறவைகள் பாடத் தொடங்கியிருக்கும். ஏப்ரல்–மே இன்னொரு சுற்று. 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்தில் நடந்த குரங்கணிக் காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு தீ அபாயக் காலத்தில் உள்ளே விடுவதில் கெடுபிடி அதிகம். புல்மேடு வரும் புள்ளிகளை ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள்.

குரலில் ஏமாற்றுபவன் துடுப்புவால் கரிச்சான். அடுத்த பறவைகளின் குரலை வரிசையாக எடுத்துவிடும். ஒரே மரத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் நாலைந்து இனத்தின் குரல் வந்தால், கரிச்சானைப் பார்க்கும்வரை எதையும் எழுதாதீர்கள்.

பழைய புத்தகப் பெயர்களிலும் கவனம் தேவை. பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவில் இருப்பதால் மேகமலையின் சிலம்பன் பழனிச் சிலம்பன். செங்கோட்டைக்குத் தெற்கே அசம்பு மலையில் இருப்பது வேறு. சோலைக்கிளியும் அப்படித்தான், இங்கே வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. நீலகிரியில் இருப்பது தனி இனம். 2017இல் மரபணு ஆய்வோடு இந்தப் பேரினங்கள் மறுவரையறை ஆன பிறகு பழைய பட்டியல்களின் பெயரை அப்படியே நகலெடுத்தால் மேகமலையில் இல்லாத பறவை உங்கள் அறிக்கையில் ஏறிவிடும்.

இருவாச்சிக் கூடு கண்டால் ஆயத்தொலைவு எழுதிய தாள் வனத்துறைக்கு மட்டும். பெட்டை கூட்டுக்குள் அடைபட்டிருக்கும் மாதங்களில் ஆண் பறவை இரை கொண்டு வந்தாக வேண்டும். மரத்தடியில் ஆள் நின்றால் அது இறங்காமல் திரும்பிவிடும். பொதுத் தளத்தில் இடத்தைப் போடவே வேண்டாம்.

ஓடைக்கல்

தீக்காக்கை சொன்ன 10 நிமிடம் ஈரக்காட்டுக்குச் சரி. அடிவாரத்து முட்காட்டில் 5 நிமிடமே போதும், பார்வை எட்டும். ஆனாலும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு வைப்பதுதான் முறை, அதனால் 10 நிமிடத்தை 0–5, 5–10 என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். 5 நிமிடக் கணக்கு எடுத்த வேறு ஆய்வோடும் பின்னால் ஒப்பிடலாம்.

தவளைக்கு வருகிறேன். வருடத்தில் ஒரே ஒரு தவளைப் பருவம் என்று எண்ணிக் கிளம்புவதுதான் மேகமலையில் பலரும் செய்யும் பிழை. மேலே உள்ள சோலைக்குத் தென்மேற்குப் பருவமழை எட்டும், ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை குரல் உச்சம். அடிவாரம் மழைமறைவு, அங்கே ஓடை நிறைவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர்–நவம்பரில். ஜூலையில் மட்டும் எடுத்தால் அடிவாரத்தில் தவளையே இல்லை என்று வரும். ஆகவே இரண்டு பருவத்திலும் எல்லா அடுக்கையும் எடுக்க வேண்டும், சுருக்கவே முடியாது.

முறை: இரண்டு பேர், ஒரு மணி நேரம், இரவு 7 முதல் 10க்குள். தேடிய நேரம் மட்டுமே கணக்கு. படமெடுக்க நின்ற நேரத்தில் கடிகாரத்தை நிறுத்துங்கள். ஓர் இடத்தில் இரண்டு ஆள்-மணி. ஓடையோரம் ஒன்று, ஓடையிலிருந்து 50 மீட்டராவது தள்ளிக் காட்டுக்குள் ஒன்று. இரண்டாவதை யாரும் விடாதீர்கள். புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும். நீர்நிலை தேவையில்லாததால் அவை காட்டுத் தரையிலும் இடுப்புயரப் புதரிலும்தான் இருக்கும். ஓடையை மட்டும் பார்த்தால் சோலையின் பாதித் தவளை விட்டுப்போகும்.

அவற்றைக் கண்டுபிடிப்பதும் தனி வேலை. கட்டைவிரல் நகம் அளவு உடம்பு, குரலோ பத்தடிக்கு அப்பாலும் கேட்கும். ஒருவர் தேடினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் மூன்று நான்கு மீட்டர் இடைவெளியில் நின்று கேளுங்கள். குரல் வரும் திசைக்கு இருவரும் கையிலிருக்கும் டார்ச்சை நீட்டி, ஒரே நேரத்தில் போடுங்கள். இரண்டு ஒளிக்கற்றையும் வெட்டும் இடத்தில் உள்ள இலையின் மேற்புறத்தைப் பாருங்கள். ஒளி பட்டதும் கத்துவதை நிறுத்திவிடும், ஆனால் கழுத்துப் பை முழுதாகச் சுருங்கச் சற்று நேரம் ஆகும், அந்த அசைவு காட்டிக்கொடுத்துவிடும். இனம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குரலை ஒரு நிமிடமாவது பதிவு செய்யுங்கள், வெப்பநிலையைப் பதிவின் முடிவில் வாயால் சொல்லிவிடுங்கள். குளிர்ந்தால் குரலின் வேகம் குறையும், வெப்பநிலை இல்லாமல் பிற்பாடு ஒப்பிட முடியாது.

பூச்சி விரட்டிக் களிம்பு பூசிய கையால் தவளையைத் தொடக் கூடாது, அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். அட்டைக்குக் காலுறை போதும், காலுறையின் மேல் மூக்குப்பொடியும் வேப்பெண்ணெயும் தடவினால் ஏறாது. ஓர் ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும்போது காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் நனையுங்கள். சேறு ஒட்டியபடி மருந்து ஊற்றினால் மருந்து சேற்றோடு போய்விடும், தவளைத் தோல் நோய்ப் பூஞ்சை அப்படியே பயணிக்கும். கழுவிய தண்ணீர் ஓடையில் விழக் கூடாது.

வண்ணத்துப்பூச்சி பற்றிச் சுருக்கமாக: 500 மீட்டர் பாதை, இரு பக்கமும் 2.5 மீட்டர், வெயில் இருக்கும்போது காலை 9:30 முதல் மதியம் வரை. மேகம் மூடிய நாளில் மேலே எடுத்துவிட்டு, வெயில் நாளில் கீழே எடுத்தால் அந்தத் தரவு வீண். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை கூட்டமாக இடம்பெயரும் நாட்களில் வந்தால் எண்ணிக்கையைத் தனியே எழுதுங்கள். அவை அந்த அடுக்கில் வாழ்பவை அல்ல, கடந்து போகிறவை.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்வி. அடிவார ஓடைகளில் நரை அணில் கூடுகள் நிறையத் தெரிகின்றன, கூட்டை எண்ணி அணில் எத்தனை என்று சொல்லலாமா? மேலே பாறைச் சரிவில் வரையாடு தென்பட்டால் எப்படி எண்ணுவது? சும்மா "பார்த்தோம்" என்று எழுதினால் போதுமா?

புளியந்தோப்பு

கூட்டை எண்ணி அணிலைச் சொல்ல முடியாது. ஒரே அணில் பல கூடு கட்டும், கைவிட்ட பழைய கூடும் மரத்திலேயே தங்கும். கூட்டு எண்ணிக்கையால் தெரிவது, அந்த ஓடைக்கரையை அணில் பயன்படுத்துகிறது என்பது மட்டும். கூடு உள்ள மரம் என்ன, உயரம் என்ன, பக்கத்து மரத்தோடு கிளை தொடுகிறதா என்று எழுதுங்கள், மூன்றாவதுதான் முக்கியம். இது தரையில் இறங்க விரும்பாத விலங்கு, கிளைக்குக் கிளை போகும். புளி, மா, நீர்மருது, புங்கம் என்று ஓடையோரம் தொடர்ச்சியாக இருக்கும்வரை அணில் இருக்கும். நடுவில் நாலு மரம் விழுந்து இடைவெளி வந்தால் இரண்டு பக்கக் கூட்டமும் பிரிந்துவிடும்.

இனத்தையும் பார்த்து எழுதுங்கள். மேலே ஈரக்காட்டில் இருப்பது மலை அணில், முதுகு கருஞ்சிவப்பும் கறுப்பும், வயிறு வெளிர் மஞ்சள். நரை அணிலின் மேல்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு, வாலில் வெள்ளை மயிர் தூவியது போல இருக்கும். நிழலில் வாலை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டும் சந்திக்கும் உயரம் எது என்பது உங்கள் கணக்கெடுப்பில் கிடைக்கக்கூடிய அருமையான தகவல், அதனால் 600–1,000 மீட்டரில் ஒவ்வோர் அணிலுக்கும் படம் வேண்டும்.

குரங்குகளுக்கும் இதே உயரக் கேள்வி பொருந்தும். அடிவாரத்தில் சாம்பல் மந்தியும் நாட்டுக் குரங்கும், மேலே கருமந்தி, வெடிப்பலா நிற்கும் காட்டில் சோலைமந்தி. வறண்ட மாதங்களில் வெடிப்பலா பூக்கும்போது சோலைமந்தி அந்த மரங்களை விட்டு நகராது. அந்த மாதத்தில் மட்டும் பார்த்துவிட்டு எண்ணிக்கை கூடியதாக எழுதக் கூடாது.

மலைமுகடு

வரையாட்டுக்கு: "பார்த்தோம்" போதாது. வனத்துறை ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் இரண்டு முறை உண்டு, இரண்டும் எளிது.

ஒன்று, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப எண்ணுவது. நான்கு தடவையில் 31, 27, 34, 30 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச எண்ணை இரட்டித்து, அதற்கு அடுத்த பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும்: 68 கழித்தல் 31, விடை 37. சராசரி போட்டு 30.5 என்று சொல்வது தவறு, ஏனென்றால் இங்கே பிழை ஒரு பக்கம்தான் போகும். இருப்பதைவிடக் குறைவாகவே எண்ணுவோம், அதிகமாக எண்ண வாய்ப்பு மிகக் குறைவு.

மற்றது, இரண்டு பார்வையாளர் முறை. ஒருவர் முன்னே போக, அதே பாதையில் 20–30 நிமிடம் கழித்து இன்னொருவர். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. மந்தையில் எத்தனை பெரிய கிடா, எத்தனை பெட்டை, எத்தனை குட்டி என்று அமைப்பை எழுதினால்தான், பின்னால் உட்கார்ந்து எது ஒரே மந்தை என்று பொருத்த முடியும். முதலாமவர் 8 மந்தை, இரண்டாமவர் 7, பொதுவானவை 6 என்றால், மூன்றோடும் ஒவ்வொன்று கூட்டிக்கொள்ளுங்கள்: 9ஐ 8ஆல் பெருக்கி 7ஆல் வகுத்து 1 கழித்தால் 9.3 மந்தை. அதை மந்தையின் சராசரி அளவால் பெருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் அன்றைய எண்ணிக்கையை ரத்து செய்யுங்கள், இரண்டாமவருக்குப் பனி, முதலாமவருக்கு வெயில் என்றால் கணக்கு பொய்.

தமிழ்நாட்டில் 2024இல் 1,031 வரையாடு, 2025இல் 1,303 என்று அறிவித்தார்கள். செய்தியைப் படித்தவர்கள் ஓராண்டில் 272 கூடிவிட்டது என்றார்கள். இரண்டாம் ஆண்டில் கணக்கெடுத்த பகுதிகளும் கூடின, ஆகவே இந்த உயர்வு முழுவதையும் குட்டிகளின் கணக்கில் வைக்க முடியாது. உங்கள் பழைய பட்டியல்களைச் சேர்ப்பதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. நேரம், தூரம், ஆள் எண்ணிக்கை எழுதாத பட்டியலை "இந்த இனம் இங்கே உண்டு" என்ற அளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

நாங்குமரம்

மலைமுகடு சொன்னதற்கு ஒரு மாற்றுக் குரல். பழைய பட்டியலை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். இடம், தேதி, உயரம் மூன்றும் இருந்தால் அது பொன். இதே மேகமலையில், அன்று ஹைவேவிஸ் என்று அழைக்கப்பட்ட தோட்டப் பகுதியில், 1948இல் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால் சாதாரண வகை என்று பெயரிடப்பட்டுச் சேகரிப்பில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, அது தனிப் பேரினம் என்று கண்டு சலீம் அலியின் பெயரை வைத்தார். பெயர் தப்பாக இருந்தும் சீட்டில் இடமும் தேதியும் சரியாக இருந்ததால்தான் அது வீணாகவில்லை. உங்கள் மாணவர்கள் இனத்தைத் தப்பாகச் சொன்னாலும் திருத்திக்கொள்ளலாம். இடம் தப்பானால் திருத்த வழியே இல்லை.

கணக்கன்

எண்ணிக்கை சேர்ந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன், தாளின் அமைப்பு அதைப் பொறுத்தது.

24 இடத்தில் ஏதாவது ஓர் அடுக்குக்கு மழையால் 3 சுற்று தவறிப்போகும், அது நிச்சயம். அந்த அடுக்கில் இனம் குறைவாகத் தெரியும். நேரடியாக ஒப்பிடாமல், ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை இனம் ஒரே ஒரு தடவை பதிவானது, எத்தனை இனம் இரண்டே தடவை பதிவானது என்று பாருங்கள். ஓர் அடுக்கில் 62 இனம், அதில் 12 ஒரே தடவை, 6 இரண்டே தடவை என்றால், 12ஐ வர்க்கமாக்கி 6இன் இரட்டிப்பால் வகுக்க 12 வரும். 62 கூட்டல் 12, குறைந்தபட்சம் 74 இனம் அங்கே இருக்கிறது என்று மதிப்பிடலாம். ஒரே தடவை பதிவானவை பாதிக்கு மேல் இருந்தால், அந்த அடுக்கில் இன்னும் வேலை முடியவில்லை, ஒப்பீட்டுக்குப் போகவே வேண்டாம்.

இதற்கு ஒவ்வொரு பார்வையும் தனி வரியாக இருக்க வேண்டும். நாளின் முடிவில் கூட்டிப்போட்ட மொத்தம் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கே ஓடாது. பூஜ்ஜியமும் ஒரு வரிதான். போய் நின்று எதுவும் தென்படாத புள்ளியை எழுதாமல் விட்டால், போகாத புள்ளியும் அதுவும் ஒன்றாகிவிடும்.

வைகைக்கரை

தாளைப் பற்றிச் சொன்னீர்கள். கைபேசிச் செயலியா, காகிதமா? மழையில் எது தாங்கும்?

ஓடைக்கல்

இரண்டும். களத்தில் பென்சிலும் நீர்புகாத் தாளும், 2பி பென்சில். பேனா மை மேகமலை ஈரத்தில் அன்றே பரவிவிடும், ஈர விரல் பட்டால் தொடுதிரை வேலை செய்யாது. அன்று இரவே தாளைப் படமெடுத்து இரண்டு கைபேசியில் வையுங்கள், தட்டச்சு மறுநாள், எழுதியவரே செய்ய வேண்டும். மூன்று நாள் கழித்து வேறொருவர் தட்டச்சு செய்தால் 7 எது, 1 எது என்று தெரியாது. தாளின் மேல் வரியில் அச்சடித்தே வைக்க வேண்டியவை: இடக் குறியீடு, உயரம், சரிவின் திசை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பார்ப்பவர், எழுதுபவர், பனி (0 முதல் 3), மழை, ஓடைச் சத்தம் (0 முதல் 3). வேட்டைத் தடுப்புக் காவலர் யார் வந்தார் என்பதற்கும் ஒரு கட்டம் விடுங்கள், அனுமதி அறிக்கையில் அதைக் கேட்பார்கள்.